தெரியாது என்றால் தெரியாது என்றுதான் அர்த்தம்

ஞாயிற்றுக்கிழமை சபையில் கடவுளைப் பற்றி நடந்த பேச்சை எல்லாரும் பார்த்தீர்கள், முழுக்க மறுபடி விவரிக்கப் போவதில்லை. "கடவுள் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார் நண்பர். "தெரியாது" என்றேன். அதுவும் ஒரே வார்த்தைதான். "அப்போ நீங்க பயந்தாங்கொள்ளி நாத்திகர்" என்றார். சபை சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். கடவுளை நம்புகிறாயா என்பது ஒரு கேள்வி. கடவுள் உண்டா என்று அறிய முடியுமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு 'இல்லை' என்பவர் நாத்திகர். இரண்டாவதற்கு 'இல்லை' என்பவர் அறியொணாவாதி. நம்பிக்கை வேறு, அறிவு வேறு. ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கலாம். கடவுளை நம்பிக்கொண்டே, 'நிரூபிக்க முடியாதுப்பா' என்று ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு.

அறியொணாவாதியைக் குறிக்கும் 'அக்னாஸ்டிக்' என்ற ஆங்கிலச் சொல்லை 1869இல் உருவாக்கியவர் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. பரிணாமக் கொள்கைக்காக டார்வின் பக்கம் நின்று மல்லுக்கட்டியவர். சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு விடையோடு இருக்க, தன்னிடம் விடை இல்லை என்று கண்டு தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் அது. அவரும் பயந்தாங்கொள்ளியா? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உடனே தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் தேநீர்க் கெண்டியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். எந்தத் தொலைநோக்கிக்கும் சிக்காத ஒரு கெண்டி சூரியனைச் சுற்றுகிறது என்றால் அதற்கும் 'தெரியாது' என்பாயா என்று. அதே ரஸ்ஸல்தான், தத்துவம் படித்தவர்களிடம் பேசும்போது தன்னை அறியொணாவாதி என்றே சொல்ல வேண்டும் என்று 1947இல் எழுதினார். சாதாரண மக்களிடம் என்றால் நாத்திகர் என்பாராம். கெண்டிக்கு இது முழுப் பதில் ஆகாது, எனக்கே தெரிகிறது. அப்புறம் பார்க்கலாம்.

என்னை 'மதில்மேல் பூனை' என்று எழுதியவருக்கு: பூனை குதிக்க நேரம் பார்க்கிறது. எனக்குக் குதிக்கிற உத்தேசமே கிடையாது. நம்பிக்கை வேறு, அறிவு வேறு என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது?

அப்பா இறந்த மூன்றாம் நாள் மகள் கேட்டாள், "தாத்தா இப்ப எங்க இருக்கார்?" பென்சில் சீவிக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. நட்சத்திரமாகிவிட்டார் என்றார் ஒருவர். எங்கேயும் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடு என்றார் இன்னொருவர். "தெரியலடா" என்றேன். சீவலை ஊதிவிட்டு, "வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். "யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன்." "சரி" என்று மறுபடி சீவ ஆரம்பித்தாள்.

அப்பா எங்கேயோ இருக்கிறார் என்று நம்ப எனக்கு ஆசை இருக்காதா? எல்லாம் முடிந்தது என்று ஒரேயடியாக மூடிவிடவும் ஆசைதான். இரண்டையும் விட்டுவிட்டுக் குழந்தை முகத்தைப் பார்த்து 'தெரியல' என்று சொல்வதற்குப் பெயர் பயமாம்!

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், விடிய விடிய என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இதே நண்பர்தான். "அப்பா பிழைச்சுடுவார், எனக்குத் தெரியும்" என்று நாலு தடவையாவது சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.