குடை கையில் இருக்கு, சாவி கண்ணெதிரே இருக்கு

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு அம்மா கதவைத் தட்டி, "யாரைடா இப்படித் திட்டிக்கிட்டு இருக்கே?" என்று கேட்டார்கள். கேமில் வருகிற ஒரு பொம்மையை என்று எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லம்மா என்று லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து சத்தம் வராமல் மிச்சத்தையும் திட்டி முடித்தேன்.

விஷயம் இதுதான். திரையில் கண்டதையெல்லாம் கிளிக் செய்து, பொருள் பொறுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துப் புதிர் அவிழ்க்கிற பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர் கேம். எந்த கேம் என்பது வேண்டாம், விடுங்கள். ஹீரோ ஒரு லாக்கப்பில் இருக்கிறான். கம்பிக்கு அந்தப் பக்கம், ரெண்டு முழம் தூரத்தில், ஆணியில் சாவி தொங்குகிறது. என் பையில் ஒரு குடை இருக்கிறது, கைப்பிடி வளைந்த, தாத்தா காலத்துக் குடை. முருங்கைக்காய் பறிக்கிற பாட்டிக்குக்கூட அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரியும். குடையை எடுத்துச் சாவிமேல் கிளிக் செய்தேன். "அது சரிப்பட்டு வராது" என்றான். ஏன் வராது? கை இருக்கு, குடை இருக்கு, கொக்கி மாதிரி வளைவும் இருக்கு. மறுபடி கிளிக் செய்தேன். அதே குரல், அதே பதில்.

ஒன்றே முக்கால் மணி நேரம். பையில் இருந்த பதினொரு பொருளையும் சாவியோடு, கம்பியோடு, தூங்குகிற காவலாளியோடு, ஒன்றோடொன்று உரசிப் பார்த்தாயிற்று. இதில் எங்கே மூளைக்கு வேலை? பூட்டுக்கு நம்பர் தெரியாதவன் 000-விலிருந்து 999 வரைக்கும் திருப்பிப் பார்க்கிற வேலை இது. கடைசியில் வெட்கத்தை விட்டு வாக்த்ரூ, அதாவது கேமை முடிக்கிற வழியைப் படிப்படியாகச் சொல்லும் குறிப்பு, பார்த்தேன். விடை என்ன தெரியுமா? கட்டிலுக்கு அடியில், சாம்பல் நிறத் தரையில், சாம்பல் நிறத்தில் கடுகளவு ஒரு பேட்டரி கிடக்கிறதாம். அதை டார்ச்சில் போட்டு, விளக்கை அணைத்து, சாவிமேல் வெளிச்சம் அடித்தால் அது பளபளக்கும், ஜன்னலில் இருக்கிற காக்கா வந்து கொத்திக்கொண்டு போய் உத்தரத்தில் இருக்கிற கூட்டில் வைக்கும், அப்புறம் அந்தக் கூட்டை எட்டி இழுக்க வேண்டியது எதனால்? அந்தக் குடையால்! அதே குடைதான் சார். ரெண்டு முழத்துக்கு எட்டாத குடை உத்தரத்துக்கு எட்டுகிறது.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 1999-இல் வந்த கேப்ரியல் நைட் 3 என்கிற கேமில் ஒரு பைக் வாடகைக்கு எடுக்க, நண்பன் மாதிரி வேஷம் போட வேண்டும். அதற்கு, ஷெட் கதவு ஓட்டையில் டேப்பை ஒட்டி, பூனையை அதன் வழியாக விரட்டி, ஒட்டிய முடியை எடுத்து, சிரப் தடவி மீசை செய்ய வேண்டும். அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது! அதனால் அவன் பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரையவேண்டும். இதை யோசித்தவரை விடுங்கள், "ஆஹா, பிரமாதம்" என்று தலையாட்டியவர்கள் யார்?

மங்கி ஐலண்ட் 2 (1991) இன்னும் ஒரு படி மேல். ஒரு பம்பைத் திருகி அருவியை நிறுத்த வேண்டும். பியானோ வாசிக்கிற குரங்கை, மெட்ரோனோமில் (தாளம் காட்ட இப்படியும் அப்படியும் ஆடுகிற கருவி) வாழைப்பழம் மாட்டி மயக்கி, கோட்டுக்குள் திணித்துக்கொண்டு வந்து, அதை வைத்துத் திருக வேண்டும். ஏனென்றால் அமெரிக்காவில் அந்த மாதிரி ஸ்பேனருக்கு 'மங்கி ரென்ச்' என்று பெயராம். வேறு பெயர் சொல்கிறவன் சாகும்வரைக்கும் அருவியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். சரி, நான் தமிழில் ஒரு கேம் செய்கிறேன். கதவு மாலையில்தான் திறக்கும். என்ன செய்ய வேண்டும்? கடிகாரத்துக்கு ஒரு பூமாலை போட வேண்டும். கலிஃபோர்னியாக்காரன் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.

கூத்து என்னவென்றால், அந்த கேமைச் செய்த ரான் கில்பர்ட்தான் 1989-இல் அட்வென்ச்சர் கேம்கள் ஏன் இப்படி எரிச்சலூட்டுகின்றன என்று கட்டுரையே எழுதியவர்!

1990-இன் கிங்ஸ் குவெஸ்ட் 5 வேறு ரகம். மலையில் பசிக்கிறது, பையில் கஸ்டர்ட் பை என்கிற இனிப்புப் பலகாரம் ஒன்று இருக்கிறது (பைக்குள் பை, சிரிக்காதீர்கள்). தின்றால் தீர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பனிமனிதன் வருவான், அவன் மூஞ்சியில் எறிய வேண்டியது அந்தப் பைதான். பசித்தவன் சாப்பிட்டது குற்றமாம், அதற்கு முன்னால் கேமைச் சேமித்து வைத்த பழைய சேவ் இல்லையென்றால் முதலிலிருந்து ஆட வேண்டும்.

கஷ்டமான புதிர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. செக் நாட்டுக்காரர்கள் 2009-இல் கொடுத்த மெஷினேரியம் இருக்கிறதே, ஒரு வார்த்தை வசனம் கிடையாது, குட்டி ரோபோ ஒன்று மாட்டிக்கொண்டு முழிக்கும், நானும் முழித்தேன். ஆனால் விடை தெரிந்ததும் "சே, கண்ணெதிரே இருந்ததே" என்று என் தலையில்தான் அடித்துக்கொண்டேன். கேம் செய்தவனின் தலையைத் தேடவில்லை.

நேற்றைய கதைக்கு வருகிறேன். காக்கா, கூடு, குடை எல்லாம் முடிந்து ரெண்டே கால் மணிக்கு லாக்கப் திறந்தது. ஹீரோ ஜம்மென்று வெளியே வந்தான். "இனி இது எதற்கு?" என்று அவனாகவே குடையை உள்ளே வீசினான். கதவு சாத்திக்கொண்டது.

தெருவில் மழை. இறங்கு என்று கிளிக் செய்தால், நனைந்துவிடுவேன் என்கிறான்.