பிணத்தாலும் எட்ட முடிகிற இலக்கு

நான் போனது அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் சோதித்து மாற்றப் பார்க்கிற பேச்சு சிகிச்சைக்கு. முதல் அமர்விலேயே உளவியலாளர் கேட்டார்: "சிகிச்சை முடியும்போது என்ன மாறியிருக்க வேண்டும்?" எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "பதற்றம் இருக்கக் கூடாது" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்: "சரி, பதற்றம் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

திருதிருவென விழித்தேன். பல வருடங்களாக அந்தப் பதற்றத்தைத் தலைமுழுகத் துடித்தவனுக்கு, அது போன பிறகு வருகிற ஒரு செவ்வாய்க்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

என் சிக்கல் தொலைபேசி. சிரிக்காதீர்கள். மணி அடித்தால் வயிற்றைப் பிசையும். ஓயும்வரை திரையையே வெறித்துக்கொண்டிருப்பேன். பிறகு 'வேலையாக இருந்தேன், என்ன விஷயம்?' என்று குறுஞ்செய்தி அனுப்புவேன். நானாக ஒருவரை அழைக்க வேண்டுமென்றால், பேச வேண்டியதைத் தாளில் எழுதி, இரண்டு முறை வாசித்துப் பார்த்து, கடைசியில் மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன்.

நடத்தையியலில் ஆக்டன் லிண்ட்ஸ்லி என்றொருவர் இருந்தார், அந்தத் துறையின் முன்னோடி பி.எஃப். ஸ்கின்னரின் மாணவர். அவர் சொன்ன சோதனை ஒன்று உண்டு: செத்தவனால் செய்ய முடிகிற எதுவும் நடத்தை ஆகாது. பதற்றப்படாமல் இருப்பது, அழாமல் இருப்பது, கோபப்படாமல் இருப்பது, யாருக்கும் தொந்தரவு தராமல் இருப்பது. இதிலெல்லாம் பிணத்தை மிஞ்ச ஆளே கிடையாது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குப் போகிற நம்மில் பெரும்பாலோர் கையில் எடுத்துப் போவது இந்த வகை இலக்கைத்தான் என்பது என் கணிப்பு. அதற்கு நம்மைக் குறை சொல்லவும் முடியாது. பல்வலிக்காரனிடம் வலி போன பிறகு என்ன சாப்பிடுவாய் என்று யாரும் கேட்பதில்லையே.

இலக்கை எழுதித் திருத்துவதிலேயே மூன்று அமர்வுகள் போயின. எனக்கு எரிச்சல். வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகளில் முடிகிற சிகிச்சை, அதில் மூன்றை இப்படியா கரைப்பது? 'எல்லோரிடமும் தயங்காமல் பேச வேண்டும்' என்றேன். எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்டார். 'யாரும் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது' என்றேன். அது உங்கள் இலக்கா, அவர்கள் தலைக்குள் நடக்க வேண்டிய வேலையா என்றார். கடைசியில் தாளில் நின்றது இதுதான்: வாரம் மூன்று முறை, முன்கூட்டி எழுதி வைக்காமல், நானாக ஒருவரை அழைத்து இரண்டு நிமிடமாவது பேசுவேன். அலுவலகச் சுற்றறிக்கை போல உப்புச்சப்பில்லாத வாக்கியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு விரல் விட்டு எண்ணிவிடலாம். செய்தேனா இல்லையா என்று என்னாலேயே என்னை ஏமாற்ற முடியாது.

அந்த இலக்கை எட்டுப் படிகளாக உடைத்தோம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கலக்கம் என்று 0 முதல் 100 வரை எண் போட வேண்டும். மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் வகுத்த அளவுகோல் இது. பதிவு செய்த குரல் மட்டும் பேசுகிற சேவை எண்ணுக்கு அழைப்பது 20. கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரை அழைப்பது 95. ஒவ்வோர் அழைப்புக்கு முன்பும் என்ன நடக்கும் என்று நினைக்கிறேனோ அதை எழுத வேண்டும், முடிந்த பிறகு நடந்ததை எழுத வேண்டும். என் முதல் கணிப்பு: 'குரல் நடுங்கும். அவர், கேட்கவில்லை, என்ன சொன்னீர்கள் என்பார். எனக்கு நா எழாது. 80 சதவீதம் உறுதி.' பக்கத்துக் கட்டத்தில் நடந்தது: 'எதிர்முனை பிஸி.' அடுத்த நாள்: 'குரல் நடுங்கியது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான்கு நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் அவரே பேசினார்.'

இந்தச் சிகிச்சையை 'நல்லதையே நினை' என்று சுருக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 1960களில் ஏரன் பெக், ஆழ்மனத்தைத் துருவும் உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர், தன்னிடம் வந்த மனச்சோர்வு நோயாளிகளின் மனத்தில் சட்டென்று ஓடி மறையும் எண்ணங்களைக் கவனித்துத்தான் இதற்கு அடித்தளம் போட்டார். எண்ணத்தை ஓர் ஊகமாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார், வேலை அவ்வளவுதான். சில நேரம் கெட்ட ஊகமே சரியாகவும் இருந்துவிடும். அப்போது இனி என்ன செய்யலாம் என்று பேசுவோம், ரோஜா வண்ணம் பூச மாட்டோம்.

முன்னேற்றத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் ஓடிப்போகவிருந்த இடம் அது. பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 என்றொரு படிவம்: ஏழு கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி, மொத்தம் 21 மதிப்பெண். தொடக்கத்தில் எனக்கு 14. ஐந்தாம் வாரம் 16. காசையும் கொடுத்து வியாதியையும் ஏற்றிக்கொண்டேன் என்று நினைத்தேன். உளவியலாளர் இன்னொரு தாளைத் திருப்பிக் காட்டினார். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு அழைப்புகூட இல்லை. ஐந்தாம் வாரம் மூன்று. இத்தனை காலம் அழைக்காமல் தவிர்த்துத்தான் அந்த 14ஐ 14ஆக வைத்திருந்திருக்கிறேன். கதவைத் திறந்தால் முதலில் தூசிதான் வரும். அந்த வாரத்தில் படிவத்தை மட்டும் பார்க்கிறவர் நின்றுவிடுவார், நின்றுவிட்டு 'எனக்கு இதெல்லாம் பலிக்கவில்லை' என்பார்.

படிவங்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9இல் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வருகிறதா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்த ஒரு பதிலைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அப்படி எண்ணம் இருந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

இவருக்கு முன்னால் வேறொருவரிடம் எட்டு மாதம் போனேன். நல்ல மனிதர், அருமையாகக் காது கொடுப்பார், வெளியே வரும்போது மனம் லேசாக இருக்கும். எங்கே போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டாம் மாதமும் மணி அடித்தால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரபியில் இருப்பவர்கள் இந்த வாரம் போனதும் கேட்டுப் பாருங்கள்: நாம் எதை நோக்கிப் போகிறோம், வந்து சேர்ந்துவிட்டோம் என்பது எப்படித் தெரியும்? நல்ல சிகிச்சையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. போன மாதம் மூன்று வாரம் பழையபடி ஆகிவிட்டேன், எல்லாமே குறுஞ்செய்திதான். தாளைத் தேடி எடுத்தேன். முதல் படியிலிருந்து தொடங்க மனம் ஒப்பவில்லை, நான்காவதிலிருந்து தொடங்கினேன். 55 என்று போட்டுவிட்டு எண்ணை அழுத்தினேன். எதிர்முனையில் இருந்தவர், "கேட்கவில்லை, என்ன சொன்னீர்கள்?" என்றார்.

மறுபடி சொன்னேன்.