துண்டின் அளவு சரியில்லை

நெய்த கண்ணாடிநார்த் துணியின் ஷியரை, அதாவது பாவும் ஊடையும் (நீள, குறுக்கு நூல்கள்) தமக்கிடையிலான செங்கோணத்திலிருந்து சாய்வதை, அளப்பது பற்றிய கட்டுரைக்கு இது மறுப்பு. 150 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலத் துண்டை, நூல்கள் இழுக்கும் திசைக்கு 45 டிகிரியில் இருக்கும்படி இழுத்தால் ஷியர் தெரிந்துவிடும் என்கிறது கட்டுரை. தெரியாது. நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். இல்லையேல் நடுவிலுள்ள முழு ஷியர் பகுதி விளிம்புவரை எட்டாது, கிரிப்பில் (துண்டின் முனையைப் பிடிக்கும் கவ்வியில்) சிக்கிய நூல்கள் அங்கே நுழைந்து விசைக் கணக்கைக் கெடுக்கும்.

300-க்கு 100 வெட்டுங்கள். நீளத்தில் அகலம் போக மிச்சம் 200 மி.மீ.; துண்டை 50 மி.மீ. நீளும்படி இழுத்தால், நீட்சியிலிருந்து கோணத்தைக் கணக்கிடும் சூத்திரப்படி ஷியர் கோணம் 34 டிகிரி. கோணம் 40 டிகிரியை நெருங்கும்போது பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். சூத்திரம் உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லும். ஆகவே நூல்வழியே பேனாவால் கோடு போட்டு, படமெடுத்து, படத்திலேயே கோணத்தை அளப்பதுதான் நம்பகம்.

துணியை நான்கு பக்கமும் மாட்டி, சட்டகத்தைச் சாய்சதுரமாக இழுக்கும் சதுரச் சட்டகச் சோதனையை எளிது என்று எழுதியிருப்பதும் ஒப்பவில்லை. நூல் ஓரிரு டிகிரி சாய்ந்து மாட்டினாலே இழுவிசை ஏறி, ஷியர் விசை பலமடங்காகத் தெரியும். துண்டின் கைப்பகுதிகளில் (சட்டகத்தில் மாட்ட நீட்டி வெட்டிய பகுதிகளில்) சட்டக விளிம்புக்கு இணையாக ஓடும் நூல்களை உருவிவிடுங்கள். துணி மாட்டாமல் வெறும் சட்டகத்தை ஒருமுறை ஓட்டி, அதன் விசையைக் கழியுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படகு வார்க்கும் அச்சில் கண்ணாடிநார்த் துணி விரிப்பவர்களுக்கு உச்ச விசை எதற்கு? சுருக்கம் எந்தக் கோணத்தில் எழுகிறது என்பதைக் குறித்தால் போதும்.