அந்த நீலப் பலகை எனக்குப் போதவில்லை

காட்டுப் பாதை, ஏரிக்கரை என்று எங்கே போனாலும் நுழைவாயிலில் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு நீலப் பலகை இருந்தால் நமக்கெல்லாம் ஒரு திருப்தி. பரவாயில்லையே, எல்லோரையும் நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று. எனக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கையால் உருட்டும் நாற்காலியா, பேட்டரியில் ஓடுவதா? தனியாக வருகிறவரா, தள்ள ஆள் உள்ளவரா? அந்தப் படம் எதையும் சொல்வதில்லை.

கையால் உருட்டிக்கொண்டு போகிறவருக்கு ஏற்றம்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். பக்கவாட்டுச் சரிவும் அதே அளவு படுத்தும். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று பாதையை ஒரு பக்கம் சாய்த்துப் போட்டிருப்பார்கள். நடக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. நாற்காலியோ பள்ளத்துப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கத்துக் கை ஓயாமல் தள்ள வேண்டும், மறு கை இழுத்துப் பிடிக்க வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே தோள்பட்டை கெஞ்ச ஆரம்பித்துவிடும். அப்புறம் சரளைக்கல். முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள் அதில் புதைந்தால் முன்னேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது.

அதனால் என் கட்சி இதுதான்: வசதி செய்யப் பணம் வரும்போது வரட்டும், முதலில் உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள். மொத்த நீளம், ஆகக் குறுகலான இடத்தின் அகலம், ஆகச் செங்குத்தான இடம், தரை மண்ணா கல்லா, உட்கார அடுத்த பெஞ்சு எவ்வளவு தூரத்தில், கழிப்பறை எங்கே. போவதா வேண்டாமா என்பதைப் போகிறவர் முடிவு செய்துகொள்வார். 'பாதுகாப்பு கருதி' என்று சொல்லி அந்த முடிவை நாம் எடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவில் 'மைல்ஸ் வித்தவுட் ஸ்டைல்ஸ்' என்று, ஏறித் தாண்டும் வேலிப்படிகள் இல்லாத பாதைகளைத் தொகுத்து, 'எல்லோருக்கும்', 'பலருக்கும்', 'சிலருக்கு' என்று தரம் பிரித்திருக்கிறார்கள். 'சிலருக்கு' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கருவிகளும் வந்துவிட்டன, சரி. பிரான்ஸில் ஜோயல் க்ளோடெல் என்ற மலை வழிகாட்டி, தசைச்சிதைவு நோயுள்ள தன் உறவுக்காரப் பையனை மலைக்குக் கூட்டிப்போக 1987-இல் ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்தார். ஜோலெட் என்று பெயர். கரடுமுரடான பாதையிலும் போகும், அருமையான யோசனை. ஆனால் முன்னாலும் பின்னாலும் பிடிக்க ஆள் வேண்டும். அதைக் காட்டிப் பாதையை அப்படியே விட்டுவிட்டால், தனியாக வர நினைப்பவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

பார்வையற்ற எரிக் வைஹென்மேயர் 2001-இல் எவரெஸ்ட் ஏறினார். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அதைப் பகிர்ந்து புல்லரித்துக்கொள்கிற அளவுக்கு, ஏரியைச் சுற்றி ஒரு நடை போக நினைக்கும் பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கைத்தடி தரையில் உள்ளதைத்தான் காட்டும்; முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைக் காட்டாது. அதை வெட்டிவிட ஓர் அரிவாள் போதும். அதேபோல் வழிகாட்டி முன்னே நடந்துகொண்டே பேசினால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்கு அவர் முதுகுதான் தெரியும். நின்று, திரும்பிப் பேசினால் ஆயிற்று.

நடைப்பயணக் குழு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவிப்பில் உச்சியிலிருந்து எடுத்த படத்தோடு, பாதையிலேயே மோசமான இடத்தின் படத்தையும் போடுங்கள். பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து எடுங்கள், அகலம் புரியும்.