ஜிஆர்இ எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு: வார்த்தைப் பட்டியலை உருப்போடாதீர்கள்

எதிர் வீட்டுத் தம்பி இன்ஜினியரிங் கடைசி வருஷம். வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிறான். நேற்று ஒரு தடி நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழில் ஒரே ஒரு அர்த்தம். "தினமும் ஐம்பது முடிச்சுடறேன் அக்கா" என்றான். எனக்கு மனசு கனத்துப்போனது. நானும் இப்படித்தான் மாதக்கணக்கில் உருப்போட்டேன்.

2011 ஆகஸ்டுக்கு முன்னால் இது ஓரளவு பலன் தந்தது. அப்போது ஒற்றைச் சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பார்கள். சொல் ஜோடிகளைக் கொடுத்து உறவு கேட்பார்கள். அந்த இரண்டு வகைக் கேள்வியையும் எடுத்தே விட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து 3500 சொல் பட்டியல் மட்டும் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது வருவது முழு வாக்கியம். ஒன்று முதல் மூன்று கோடிட்ட இடங்கள் இருக்கும். அத்தனையும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். இன்னொரு வகையில் ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இரண்டும் வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தர வேண்டும். பல நேரம் ஒத்த பொருளுடைய வேறொரு ஜோடியையும் உள்ளே வைத்திருப்பார்கள், ஆனால் அது அந்த வாக்கியத்தில் பொருந்தாது. பட்டியலை மட்டும் நம்பிப் போகிறவர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நான் பயிற்சித் தேர்வில் விழுந்தது கடினமான சொல்லில் அல்ல, 'குவாலிஃபை' என்ற சொல்லில். தகுதி பெறுவது என்றுதானே நமக்குத் தெரியும்? ஒரு கருத்தை 'குவாலிஃபை' செய்வது என்றால், நிபந்தனை சேர்த்து அதன் வீச்சைக் குறைத்துச் சொல்வது. 'பெடஸ்ட்ரியன்' பாதசாரி மட்டுமல்ல, சுவாரசியமே இல்லாத எழுத்தையும் குறிக்கும். 'சாங்ஷன்' நமக்கே இரண்டு விதமாகத் தெரியும்: லோன் சாங்ஷன் ஆனால் சந்தோஷம், ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் வந்தால் தடை. எது என்பதைச் சுற்றியிருக்கும் வாக்கியம்தான் சொல்லும்.

தமிழ் வழியில் படித்ததால் பயமாக இருக்கிறது என்றான். பழைய பாட்டில் பூவின் 'நாற்றம்' என்று வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நறுமணம் என்று புரிந்துகொள்கிறவன் அவன். செய்யுளில் எழுதிய பழைய அகராதிகளான நிகண்டுகளில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லத் தனிப் பகுதியே உண்டு. இந்தப் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

சரி, என்ன செய்யலாம்? நாளுக்கு ஐந்து சொல் போதும். அறிவியல், வரலாறு என்று ஏதாவது ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரை படியுங்கள், சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். 'ஆனாலும்', 'ஏனென்றால்' என்று பொருள் தரும் இணைப்புச் சொற்களை அடிக்கோடிடுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து மொழிப் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிடம். கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் நோட்டின் எந்தப் பக்கம் என்று மனசுக்குள் தேட முடியாது.

நோட்டை மூடச் சொல்லி, 'எனர்வேட்' வைத்து ஒரு வாக்கியம் கேட்டேன். எனர்ஜி மாதிரி ஒலித்தாலும் சக்தியை உறிஞ்சிவிடுவது என்று பொருள். கொஞ்ச நேரம் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினான்: கத்திரி வெயில் எனர்வேட் செய்தாலும் அப்பா மதியம் ஆட்டோவை நிறுத்தவில்லை. அந்தச் சொல்லை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொன்னேன். அங்கே என்ன வர வேண்டும் என்று அவனே சொல்லிவிட்டான்.