அந்த இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் துணி காயாது, உப்பு தண்ணியாகும், பூஞ்சைக்குப் பயந்து அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியும். எங்கள் வீட்டில் அது எரிந்தது பட்டுப் புடவைக்காக இல்லை, அப்பாவின் ஸ்பூல் டேப்புகளுக்காக. டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். லீவு போட்டு மலையிறங்கிப் போய், கோயம்புத்தூர் கச்சேரிகளில் முன் வரிசையில் மைக்கோடு உட்கார்ந்து பதிவு பண்ணியவை. மொத்தம் 31.

போன வருஷம் அதில் ஆறு டேப்பை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து சிடியாக்கினேன். "எவ்வளவு க்ளீனா வந்திருக்கு பாருங்க சார்" என்று ஹெட்போனை மாட்டிவிட்டார் அந்தத் தம்பி. க்ளீன்தான். தம்புராவையே காணோம்.

வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கு முதலில் பாட்டில்லாத ஒரு துண்டைக் காட்ட வேண்டும், இதுதான் இரைச்சல் என்று அது கற்றுக்கொண்டு பதிவு முழுக்க அதைக் கழித்துவிடும். சரி, நம் கச்சேரியில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? பாடகர் மூச்சு வாங்கும்போதும் தம்புரா ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! தம்புராவின் தந்திகளைத் தாங்குகிற குதிரை என்னும் கட்டையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, அதை நூலிழை நகர்த்தி நகர்த்தி எடுக்கிற அந்த ரீங்காரம் முழுக்க மேல்ஸ்தாயி ஒலிகள். டேப்பின் 'ஸ்ஸ்' சத்தமும் காதில் உறுத்துவது அங்கேதான். ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். குரல் மட்டும் தண்ணிக்குள்ளிருந்து வருகிற மாதிரி தனியாக நிற்கிறது.

இவ்வளவு துடைத்தவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை என்பதுதான் என் கோபம். அப்பாவின் மெஷின் பேட்டரியில் ஓடியது. பேட்டரி இறங்க இறங்கப் பதிவு மெதுவாக ஓடியிருக்கும், அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். வேகத்தில் 6 சதவீதம் பிசகினால் சுருதி அரைக் கட்டை மாறிவிடும். ரெண்டரைக் கட்டையில் வர்ணம் ஆரம்பித்த வித்வான் மங்களத்தில் மூணு கட்டையில் நிற்கிறார், ஸ்டூடியோவில் யாருக்கும் உறைக்கவில்லை. எம்.டி.ராமநாதன் மாதிரி கீழ்ச் சுருதியில் பாடிய ஒருவரை இப்படி ஏற்றினால் அப்புறம் அவர் அவரா? முதலில் வேகம், அடுத்து டேப்பும், அதைப் படிக்கிற மெஷினின் ஹெட்டும் நேராகத் தொடுகிறதா என்கிற கோணம். இதற்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவரும் பொறுமையும் வேண்டும், மவுஸ் போதாது. பழைய கச்சேரிகளை 'ரீமாஸ்டர்' என்று அட்டையில் போட்டு விற்கிறார்களே, அதிலும் பலது சத்தத்தைக் கூட்டி மிருதங்கத்தின் சாப்பு என்கிற கணீர் அடியை நசுக்கி வைத்ததுதான்.

டேப்பைக் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுருளின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அது பழைய அசிடேட் பிளாஸ்டிக்கில் செய்தது. தெரியாவிட்டால் பெரும்பாலும் பாலியெஸ்டர். எழுபது, எண்பதுகளில் வந்த சில பாலியெஸ்டர் டேப்புகளின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, பழுப்புப் பொடியை ஹெட்டில் அப்பிவிடும். அதை 50 டிகிரி வாக்கில் பல மணி நேரம் சூடு காட்டி, தற்காலிகமாகத் தேற்றி ஓட்டுவார்கள். அசிடேட்டை அப்படிச் செய்தால் பாழ். தயவுசெய்து யாரும் வீட்டு ஓவனில் முயற்சி பண்ணாதீர்கள்.

என் சிடியில் இல்லாத இன்னொன்று. மூன்றாவது டேப்பில், ஆலாபனை தொடங்கி ரெண்டு நிமிஷத்தில், மைக் பக்கத்தில் ஒருவர் "தேவகாந்தாரியா சார்?" என்று ராகத்தைக் கேட்டுக் கிசுகிசுப்பார். அப்பா "ஆரபி" என்பார். ஒரே சொல், கொஞ்சம் எரிச்சலோடு. ஸ்டூடியோக்காரர் அதையும் இரைச்சல் என்று வெட்டியிருக்கிறார். நல்லவேளை, "டிஜிட்டல் ஆயிடுச்சே, இதை ஏன் சார் சுமக்கறீங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு டேப்பை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

மிச்சம் 25 இருக்கிறது. எதையும் துடைக்காமல், டேப்பில் உள்ளதை உள்ளபடி, சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் அடைக்காமல், அதைவிட நுணுக்கமான 24 பிட், 96இல் எடுத்துத் தர வேண்டும். அப்புறம் பிரதி போட்டு யார் வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளட்டும். ஊட்டி, கோத்தகிரி பக்கம் யாரிடமாவது விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓடுகிற, பெல்ட் தொங்காத ஸ்பூல் மெஷின் இருந்தால் சொல்லுங்கள். டேப்பை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். மழை விட்டதும்.