உடம்பு முடியலைன்னா வாட்ச்மேன் வேலைதானா?

வடசென்னையில் நம்ம ஏரியாவில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்தாலோ, டிஸ்க் விலகினாலோ, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள். "செக்யூரிட்டி வேலைக்குப் போய்டு மாமா, சும்மா உக்காந்திருந்தா போதும்." தயவுசெய்து இப்படிச் சொல்லாதீங்க.

வாட்ச்மேன் வேலை பெரும்பாலும் 12 மணி நேரம். ராத்திரி டூட்டி மாறி மாறி வரும். கேட்டில் நாற்காலிகூடப் போடாத கம்பெனிகள் உண்டு. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் ஷூ போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் நின்றால், கொப்புளம் உடைந்து புண்ணாகிற வரைக்கும் தெரியாது. இன்சுலின் போடுகிறவருக்குச் சாப்பாட்டு நேரம் தவறினால் சுகர் இறங்கி மயக்கமே வரலாம். இதையா சும்மா உட்காருகிற வேலை என்கிறோம்?

வியாதியின் பெயரை மட்டும் வைத்து வேலை தேட முடியாது. எத்தனை கிலோ தூக்கணும், எவ்வளவு நேரம் நிற்கணும், குனியணும், வெயிலா, தூசியா, ராத்திரியா என்று வேலையைப் பிரித்துப் பார்க்கணும். டாக்டர் சீட்டில் "கனமான வேலை கூடாது" என்று எழுதியிருப்பார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிப் பழகினவருக்கு 25 கிலோ அரிசி மூட்டையெல்லாம் கனமே இல்லை! அதனால் "எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம் டாக்டர்?" என்று கேட்டே வாங்குங்க.

கரையில் உட்கார்ந்து வலை சரிபார்ப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் தரையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் குனிந்திருப்பது டிஸ்க் பிரச்சனை உள்ளவருக்கு ஆகாது. அதே வேலை வலிப்பு உள்ள ஒரு பையனுக்கு நன்றாகவே ஒத்துவரலாம். அவன் கடலுக்குப் போகக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, உயரத்தில் ஏறக்கூடாது, ஓடுகிற மெஷின் பக்கம் நிற்கக்கூடாது. வலை பின்னவும் ஏலக் கணக்கு எழுதவும் என்ன தடை? மாத்திரையில் வலிப்பு கட்டுப்பட்ட பையன்களைக்கூட வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். மனசு பதறுகிறது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் அவசரப்பட்டு வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வராதீங்க. பங்களிப்பு சரியாக இருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்காலப் பணம் உண்டு. அந்த நாட்களில் தேறிவிட்டு, என்ன வேலை முடியும் என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

அரசு ஊழியர் வேலையில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனால், அவரை வேலையை விட்டு எடுக்க முடியாது. அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாற்றணும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. லோடுமேனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலில் இதய நோயும் சர்க்கரையும் கிடையாது.

இப்படிப்பட்டவர்களுக்கு உதவுகிற அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருப்பது சென்னையின் இன்னொரு பக்கம், கே.கே. நகரில். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் வேலைவழிகாட்டி மையம் கிண்டியில். எண்ணூரிலிருந்து முதுகுவலியோடு ஒருவர் பஸ் மாறி மாறி எப்படிப் போவார்? உடம்பையும் வேலையையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிற ஓர் இடம் வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வேண்டும். ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீரோடு சேர்த்து இதையும் கேளுங்க.